நாலு வட்டம்

தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அழகுத்தாய், வாசலில் பேச்சுச் சத்தம் சட்டென்று தணிந்ததும் ஏறிட்டுப் பார்த்தாள். கோவிலிலிருந்து அனுப்பிய ஆள் மறுபடியும் வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடவீதியில் பிணம் கிடக்கும்வரை நடை திறக்க மாட்டார்கள் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. சாத்திய கதவுக்கு முன்னால் ஜனங்கள் பூக்கூடையும் தேங்காய்ப் பையுமாகக் குந்தியிருந்தார்கள். ஆண்டாளும் அவர்களோடு சேர்ந்து, குருசாமி கண்டக்டர் கிளம்பட்டும் என்று காத்திருந்தாள்.

குருசாமி விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நெஞ்சில் நீர் கோத்து இரண்டு மாதமாகப் படுக்கைதான். பாடை கட்டியாகிவிட்டது. சங்கு ஊதுகிறவர் இரண்டாம் தடவையும் டீ குடித்துவிட்டார். வரவேண்டியது ஒரே மகன் ரெங்கமன்னார் மட்டும்தான். அவன் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கார் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். எஸ்.டி.டி. பூத்திலிருந்து தகவல் சொன்னபோது, முதலாளி புது துருவா காரையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார், இதோ கிளம்பிவிட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னானாம்.

துருவா என்ற பேரைக் கேட்டதும் அழகுத்தாய்க்குத் துக்கத்துக்கு நடுவிலும் எரிச்சல் வந்தது. அந்தக் கார் இந்த வீட்டுக்குள் சக்களத்தி மாதிரி நுழைந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

குருசாமிக்குச் சொந்தமாக ஒரு சைக்கிளைத் தவிர வேறு வண்டி கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேத்தூருக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர், வைகுண்டராஜ் டிரைவர். ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் துருவா வைத்திருந்தார். இரண்டு கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். காலை ட்ரிப்பில் அது பின்னால் உறுமிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டாலே குருசாமி விசில் ஊதிப் பஸ்ஸை ஓரங்கட்ட வைத்துவிடுவார். ஏறவும் ஆள் இருக்காது, இறங்கவும் ஆள் இருக்காது. கார் தாண்டிப் போகும். அதன் பின்பக்கத்து நான்கு வட்ட விளக்குகளும் ஜோடி ஜோடியாகச் சிவந்து புளியமரங்களுக்குள் மறைகிறவரை படியில் தொங்கிக்கொண்டு பார்ப்பார். பார்த்ததெல்லாம் அந்தக் காரின் முதுகைத்தான். முகத்தை அவர் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. வைகுண்டராஜுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் மறுநாள் விசில் கேட்டதும் ஓரங்கட்டுவார்.

இந்த வருஷம் துருவாவில் புது மாடல் வந்தது. வைகுண்டராஜ் யார் யாரையோ பிடித்து ஓர் ஆங்கிலப் பத்திரிகை வாங்கிக்கொண்டு வந்தார். பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். எதிர்வீட்டுக் கிருபாபாய் டீச்சர் படித்துப் படித்து அர்த்தம் சொன்னார். பழசுக்கு நாலு கியர், புதுசுக்கு ஐந்து. அதில் எட்டு வால்வு, இதில் பதினாறு. அது உறுமும், இது முனகக்கூட முனகாது. அதன் மூக்கு நிமிர்ந்து நிற்கும், இது தரையை மோந்துகொண்டு போகிற மாதிரி தாழ்ந்திருந்தது. முன்னால் உருண்டையாக இருந்த விளக்குகள் ஒடுங்கிப் பட்டையாகியிருந்தன. குருசாமி கேட்டுக் கேட்டு மாய்ந்து போனார். அந்தப் படத்தின் மேல் விரல்பட்டு அழுக்காகிவிடும் என்று தொடாமலேயே பார்ப்பார். மனுஷன் மூளை எம்புட்டுத் தூரம் போயிருக்கு என்று சொல்லிச் சொல்லி வியப்பார். மாத்திரை சாப்பிட மறந்துபோவார்.

வைகுண்டராஜ் எதையும் லேசில் ஒப்புக்கொள்கிற ஆளில்லை. எஞ்சின் அதே பழசுதான், மேல்மூடியை மாற்றிவிட்டுக் கதை விடுகிறான் என்று சாதித்தார். பின்விளக்கு விஷயத்தில் சண்டையே வந்துவிட்டது. பத்திரிகையில் காரின் பின்பக்கப் படம் இல்லை. முகத்தை மாற்றியவன் முதுகை மட்டும் விட்டுவைப்பானா, வட்ட விளக்கெல்லாம் போயிருக்கும் என்றார் வைகுண்டராஜ். குருசாமி கோபத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். யார் கையும் பிடிக்காமல் அவர் எழுந்து உட்கார்ந்தது அதுதான் கடைசி.

"என்னத்த வேணாலும் மாத்துவான்யா. அந்த நாலு வட்டத்துல மட்டும் கைய வைக்க மாட்டான். அத எடுத்துட்டா அது துருவாவே இல்ல."

மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கக் கூடாது, கண்ணால் பார்த்தால்தான் செல்லும் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஒர்க்ஷாப்புக்கே புது வண்டி ஒன்று வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று ரெங்கமன்னாரும் சொல்லியிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நாளை மறுநாள்.

கோவில் ஆள் போனதும் ஆவுடையப்பன் உள்ளே வந்தார். குருசாமிக்குப் பெரியப்பா மகன், சுந்தரபாண்டியத்தில் பருத்தி விவசாயம். குடும்பத்தில் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர் பேச்சுத்தான். பொல்லாத மனுஷரில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எல்லாக் காரியத்தையும் அவர்தான் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தார். இதற்கு மேலும் சாமியைக் காக்க வைத்தால் பாவம் போகிறவனைத்தான் சேரும், என் மகனே கொள்ளி வைக்கட்டும் என்றார். காரில் வந்தாலும் இருட்டிவிடும் என்பதற்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது. போன வருஷம் பருத்தி விஷயமாகக் கோயம்புத்தூர் போனவர், அந்த மில் முதலாளியின் சிவப்புத் துருவாவிலேயே திரும்பியிருந்தார். காலையில் கிளம்பியும் விளக்கு வைத்த பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்குக் குருசாமி ஆசை ஆசையாக, கார் எப்படி ஓடியது என்று கேட்டதற்கு, நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னவர் இவர்.

அழகுத்தாய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க வந்தது பழசு அத்தான். அதுக்கு நாலு கியரு. இதுக்கு அஞ்சு."

ஆவுடையப்பன் விளங்காமல் பார்த்தார். சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து நாத்தனார் தோளை அணைக்க வந்தாள். அழகுத்தாய் அவள் கையை விலக்கினாள்.

"பழசு மேட்டக் கண்டா மூச்சு வாங்கும். இதுக்குப் பதினாறு வால்வு. அஞ்சாவதுல போட்டுட்டா எஞ்சின் அலட்டிக்கிடாதுன்னு அவிய சொல்லுவாக."

வால்வு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அடுப்படியில் நின்றுகொண்டு, இந்தப் பேச்சு எப்போது ஓயும் என்று பல்லைக் கடித்தபடி கேட்டதெல்லாம் இப்போது தானாக வாயில் வந்தது.

ஆவுடையப்பன் சுவரோரம் நின்ற வைகுண்டராஜிடம் திரும்பினார். நீங்கள் டிரைவர், விஷயம் தெரிந்தவர், நீங்களே நியாயம் சொல்லுங்கள் என்றார். வைகுண்டராஜ் குருசாமியின் முகத்தைப் பார்த்தார். நாடிக்கட்டு கட்டியிருந்ததால் எதிர்த்துப் பேச முடியாமல் அடக்கிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி இருந்தது அந்த முகம்.

"எஞ்சின் புதுசுதான்," என்றார் வைகுண்டராஜ். "வந்துருவான்."

"அப்ப ஆண்டாள என்ன சொல்லிக் காக்க வைக்க?"

ஆவுடையப்பன் கேட்டதற்கு அழகுத்தாய்தான் பதில் சொன்னாள்.

"ஓடியாற ஆள விட்டுட்டு அவிய ஒருநாளும் விசில் ஊதுனதில்ல அத்தான். பஸ்ஸு மொத்தமும் ஏசினாலும் நிக்கத்தான் செய்வாக. இப்பப் பெத்த பிள்ளைல்லா ஓடியாறான்."

ஆவுடையப்பன் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு கோவிலைப் பார்க்க நடந்தார். அங்கே யார் காலைப் பிடித்தாரோ தெரியாது. திரும்பி வந்து, கோபுரத்து உச்சியில் வெயில் இருக்கிறவரைக்கும்தான், அதற்குப் பிறகு தூக்கிவிட வேண்டும் என்றார்.

பெண்கள் அழுகையைக் குறைத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்துக்கொண்டார்கள். மெயின் ரோட்டில் லாரி போனது, பால் வண்டி போனது. எந்தச் சத்தமும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயில் கோபுரத்தில் ஒவ்வொரு நிலையாக ஏறிக்கொண்டிருந்தது. சாமி காரியத்தை நிறுத்தி வைத்துவிட்டோமே, எல்லாம் இந்த மனுஷன் வாய்ப்பேச்சை நம்பித்தானே என்று அழகுத்தாய் நினைத்தாள். ஆயுசு பூராவும் அவர் கார் கார் என்று அளந்ததில் ஒன்றாவது நிஜமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊர் இவரைப் பைத்தியக்காரன் என்று சொல்லித்தான் அனுப்பி வைக்கும். அவர் காலைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

கலசத்தில் மட்டும் கொஞ்சம் வெயில் ஒட்டியிருந்தபோது ஆவுடையப்பனின் மகன் சட்டையைக் கழற்றிவிட்டு, கொள்ளி வைக்கிறதற்காகக் குளிக்கக் கிணற்றடிக்குப் போனான்.

அந்த நேரம் நிலைப்படியில் ரெங்கமன்னார் நின்றான். தலையெல்லாம் புழுதி. சாவிக்கொத்து கையிலேயே இருந்தது. அவன் எப்போது வந்தான், கார் எப்போது நின்றது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை காதும் வாசலில்தான் இருந்தது, ஆனால் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

அழகுத்தாய் அன்றைக்கு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்குள் புருஷனை நினைத்து ஒரு பெருமையும் இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நீர்மாலை எடுத்து வந்தார்கள், குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். ரெங்கமன்னார் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். வைகுண்டராஜ் பாடைக்கு முன்பக்கத் தோள் கொடுத்தார்.

தெருமுனைவரைக்கும் பெண்கள் வரலாம். அங்கே பாடையை இறக்கி வைப்பார்கள். கடைசியாக முகம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். தெருவெல்லாம் ஆள் நிறைந்திருந்ததால் ரெங்கமன்னார் காரை அந்த முனையிலேயே திருப்பி நிறுத்தியிருந்தான். வெள்ளைக் கார். கோயம்புத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில்வரை உள்ள புழுதி அத்தனையும் அதன்மேல் இருந்தது. அதன் முதுகுக்கு நேராகத்தான் பாடையை இறக்கினார்கள். வேறு இடமில்லை.

அழகுத்தாய் முகத்தைப் பார்த்து, நெற்றியைத் தடவிவிட்டு நிமிர்ந்தாள். காரின் பின்பக்கம் எதிரே இருந்தது. அவள் தேடினாள். வட்டம் எங்கேயும் இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரைக்கும் நீளமாக ஒரே ஒரு சிவப்புப் பட்டைதான் இருந்தது.

வைகுண்டராஜ் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சங்கு ஒருதரம் ஊதி ஓய்ந்தது.

"அண்ணாச்சி சொன்னதுதான் சரி மதினி," என்றார். "நாலும் வட்டந்தான்."

"ஆமா," என்றாள் அழகுத்தாய்.

வைகுண்டராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்த நீளப் பட்டையின் மேலிருந்த புழுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடைத்தார். பிறகு துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு பாடையைத் தூக்கப் போனார்.