ஆறு பதினாலு கெட்டில்

அக்காவுக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். நாற்பது வருடம் புத்தக பைண்டிங் செய்த கை. ஒரு நூல் கோணலாகத் தொங்கினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. நான் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்தால் போதும், அழகு யாருக்கு வேண்டும் என்கிற ரகம்.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தாள். நான்கு பஸ் ஸ்டாப் தள்ளி என் வீட்டில் நான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தேன். இடுப்பு தப்பியது. ஆனால் அந்தப் பகல் என்னை விடவில்லை. கேமரா வைக்கிறேன் என்றதற்கு, "நான் என்ன நகைக்கடையா?" என்றாள். தினமும் போன் செய்தால், "உயிரோடதான் இருக்கேன், வை" என்பாள். அதுவும் எட்டு மணிக்கு முன் போனை ஆன் செய்யவே மாட்டாள்.

அதனால் ஒரு பொய் சொன்னேன். எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று பார்க்க ஒரு கருவி வைக்கிறேன் என்றேன். தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி. அதோடு துணி கிளிப் மாதிரி வாய் திறக்கும் ஒரு கிளாம்ப். வாசலுக்கு மேலே மெயின் சுவிட்ச் பெட்டியில், வீட்டுக்குள் வரும் இரண்டு ஒயரில் ஒன்றை மட்டும் அது கவ்விக்கொண்டால், வீடு இழுக்கும் வாட்ஸ் என் போனில் ஒரு கோடாக ஓடும். ஒயர் எனக்குப் பழக்கம், புரோகிராம் புதிது. இரண்டு ஞாயிறு அதோடு மல்லுக்கட்டினேன். கெட்டில் போட்டதும் கோடு ஆயிரத்தெண்ணூறுக்குத் தாவியபோது வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா காலை ஆறு பதினாலுக்குக் கரண்ட் கெட்டிலில் டீக்குத் தண்ணீர் வைப்பாள். கடிகாரம் தப்பினாலும் அவள் தப்பமாட்டாள். கோடு ஏறினால் அக்கா எழுந்துவிட்டாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் ஆறு இருபதுக்குப் பார்த்தேன். கோடு ஏறவில்லை. பின்னால் தள்ளிப் பார்த்தால், முந்தின நாள் மாலை ஐந்திலிருந்தே பூஜ்யம். ராத்திரி விளக்குகூடப் போடவில்லை. அப்படியானால் நேற்றே விழுந்துவிட்டாள், இரவெல்லாம் கிடக்கிறாள். போன் செய்தேன். வழக்கம்போல் அணைத்து வைத்திருந்தாள்.

கைக்குக் கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினேன். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவனின் அக்கா, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. ஏறிப் போய்க் கதவை இடித்த இடியில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

கதவு திறந்தது. கையில் டீயோடு அக்கா.

"என்னடா, வீடு பத்திக்கிட்ட மாதிரி இடிக்கிறே? சட்டையை வேற திருப்பிப் போட்டிருக்கே."

போன உயிர் திரும்பி வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன், ஐம்பத்தெட்டு வயதில். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மேலே பெட்டிக்குள் இரண்டு ஒயரும் கோடு போட்ட மாதிரி சேர்ந்து நின்றன. மூன்று இடத்தில் பைண்டிங் நூலால் முடிச்சு.

"நேத்துதான் சீர் பண்ணேன்" என்றாள் பெருமையாக. "ஒண்ணு இங்க தொங்குது, ஒண்ணு அங்க தொங்குது. மெயினை அணைச்சுட்டு, ரெண்டையும் சேர்த்து அந்தக் கிளிப்புக்குள்ள விட்டுக் கட்டிட்டேன். இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

லட்சணம்தான். ஒரு ஒயரில் போகிற கரண்டும் மறு ஒயரில் திரும்புகிற கரண்டும் ஒரே வாய்க்குள் சேர்ந்தால், ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். கிளாம்புக்கு ஒன்றுமே தெரியாது. அக்கா விளக்கு போடவில்லை, சரி. ஃபிரிட்ஜுமா ராத்திரியெல்லாம் மயங்கிக் கிடக்கும்? முப்பது வருஷம் ஒயரோடு புழங்கிய மண்டைக்கு அது எட்டவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கோடு ஏறாததைப் பார்த்துப் பயந்து ஓடிவந்ததை அவளிடம் சொல்லி, அழுத வாயாலேயே சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "அப்போ இது சாமான் திங்கிற கரண்டைப் பார்க்க இல்ல."

இனி மறைத்துப் பயனில்லை. "நீ தரையில கிடந்தே, நான் தூங்கிட்டு இருந்தேன்கா. இன்னொரு தடவை அப்படி ஆனா என்னால தாங்க முடியாது."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"முடிச்சை வெட்டிட்டு ஒழுங்கா மாட்டு. இதே மாதிரி இன்னொண்ணு பண்ண எத்தனை நாளாகும்?"

"எதுக்குக்கா?"

"உன் வீட்டுக்குத்தான். நீ மட்டும் பத்துப் பேரோடயா குடியிருக்கே? எனக்கு மட்டும்தான் விழத் தெரியுமா?"

நான் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று நான் யோசித்ததே இல்லை. அவள் யோசித்திருக்கிறாள்.

இப்போது என் வாசலுக்கு மேலேயும் ஒன்று இருக்கிறது; அதன் கோடு அக்கா போனில் ஓடும். ஒயர் கோணல்தான், தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆறரைக்கு நான் கெட்டில் போடவேண்டும் என்று பேச்சு. இன்று அசந்து தூங்கிவிட்டேன். ஆறு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது. முன்பெல்லாம் எட்டு மணிக்கு முன் போனைத் தொடாதவள்.

"டேய், எழுந்துட்டியா?"

"உயிரோடதான் இருக்கேன், வை."

வைக்கவில்லை. "போய்க் கெட்டிலைப் போடு" என்றாள். "கோடு ஏறினப்புறம் வைக்கிறேன்."