சரளைக்கல்லில் ஒரு பந்தயம்

என் காரில் ஏ.பி.எஸ் உண்டு. ஆனால் வேலை செய்ததில்லை. அதன் ஃபியூஸைக் கழற்றி வைத்திருந்தேன். வழுக்கும்போது சில்லு இறுகிச் சுழலாமல் நின்றுவிடாதபடி தானாகவே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்குமாம். யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓட்டிய காலத்திலிருந்து என் கால் அதைத்தானே செய்கிறது. அதற்குப் புத்தி சொல்ல ஒரு பெட்டி வேண்டுமா?

விமான நிலையத்தில் காரில் ஏறியதுமே என் மனைவி விமலராணி ஏ.பி.எஸ் எச்சரிக்கை விளக்கு எரிவதைக் கண்டுவிட்டாள். லண்டனில் லைசென்ஸ் எடுத்த பெரிய மனுஷி அல்லவா. மகளின் படிப்புக்காகத் தாயும் மகளும் அங்கே போக, நான் இத்தாலியில், பலெர்மோ நகரில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா அம்மாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். இப்போது படிப்பு முடிந்து மகளுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் என் மனைவி திரும்பிப் போகும் டிக்கெட்டோடுதான் வந்திருந்தாள்.

ஒரேத்தோ தெருவில் என் வீட்டில், அவர்கள் போன பிறகும் இரண்டு பேருக்குத்தான் தேத்தண்ணி போட்டுவந்தேன். மிஞ்சியதை ஆறவிட்டு நானே குடிப்பேன். இவள் இங்கேயே இருந்துவிட மாட்டாளா என்று எத்தனை வருட ஏக்கம். ஆனால் கேட்க வாய் வரவில்லை. கேட்டு அவள் மறுத்துவிட்டால்?

கேட்பதற்குப் பதில் பிரேக்கைப் பற்றிச் சண்டை பிடித்தோம்.

“ஏ.பி.எஸ்ஸை வெல்ல ஆராலையும் ஏலாது” என்றாள்.

“என்ரை கால் வெண்டால்?”

“வெண்டால் என்ன செய்யோணும்?”

“நீர் போகாமல் இஞ்சையே நிக்கோணும்.” பகிடிபோலச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“சரி. தோத்தால் ஒரு கதையும் இல்லாமல் என்னை எயார்போட்டிலை விடோணும்.”

மறுநாள் மழை. பந்தயத்துக்காகப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனோம்; சாப்பாட்டுக் கடைகள் பூட்டிக் கிடந்தன. நனைந்த தார் வெளியில் காரை நிறுத்தப் போனேன்.

“இஞ்சை வேண்டாம், அங்கை” என்று சரளைக்கல் பரப்பிய வெளியைக் காட்டினாள். எங்கே என்றால்தான் என்ன என்று திருப்பினேன்.

ஓரமாக ஒரு மீன்பெட்டியை வைத்தோம். அதைத் தாண்டும்போது பிரேக் போட வேண்டும்; இருவருக்கும் ஒரே வேகம். முதலில் நான். பெட்டி வந்தது. விட்டு விட்டு மிதிக்க வேண்டிய கால், இவள் போய்விடுவாள் என்ற பயத்தில் மிதித்தபடியே விறைத்துவிட்டது. சில்லுகள் இறுகிக் கார் இழுபட்டு நின்றது. போச்சு என்று நினைத்தேன்.

கார் நின்ற இடத்தில் ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துவிட்டு, ஃபியூஸை மாட்டிக் கொடுத்தேன். அவள் அழுத்தி மிதித்தாள். பிரேக் கடகடத்தது, கார் நிற்க மனமில்லாமல் என் அடையாளத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

“பாத்தீரே என்ரை காலை?” என்றேன்.

“உங்கடை கால் எழும்பவே இல்லை. நான் பாத்தனான்” என்றாள். “சரளையிலை சில்லு இறுகினால் கல்லு முன்னுக்குக் குவிஞ்சு காரைப் பிடிக்கும். ஏ.பி.எஸ் இறுக விடாது, அதாலை கூடத் தூரம் ஓடும். தாரிலை எண்டால் நீங்கள் தோத்திருப்பியள்.”

“இது உமக்கு எப்பிடித் தெரியும்?”

“லைசென்ஸுக்குப் படிச்சனான்.”

சரளை வெளியைக் காட்டியதே இவள்தான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டியரிங்கை விடாமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பந்தயத்தை விடுங்கோ. இப்ப ஒருக்கால் கேளுங்கோ.”

“போகாதையும், ராணி.”

“ஓம்” என்றாள்.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். ஃபியூஸைக் கழற்றவில்லை.