மாவு வாங்காத வீடுகள்

குமாசி நகரத்தின் பன்டாமா பகுதியில் யாரும் ஃபூஃபூ மாவு வாங்குவதில்லை. நான் தட்டிய கதவுகளிலெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். மரவள்ளியும் வாழைக்காயும் அவித்து உரலில் களியாக இடித்துத்தான் ஃபூஃபூ சாப்பிடுகிறோம், பாக்கெட் மாவெல்லாம் வெளிநாட்டில் கிடக்கிறவர்களுக்கு என்றார்கள். ஆனால் லாரி வந்து இறக்கிய கையோடு கடைகளில் சரக்கு தீர்ந்துவிடுகிறது. அப்படியானால் தின்கிறது யார் என்று கேட்டுவரத்தான் மாவு கம்பெனி என்னை வீடு வீடாக அனுப்பியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் அலமாரியிலும் துணிகளுக்கு அடியில் ஒரு பாக்கெட் இருக்கிறது.

அன்று மாலை வடக்கத்திப் புழுதிக்காற்றில் குமாசி முழுக்கப் பால் விட்ட தேநீர் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. எங்கெங்கிருந்தோ உலக்கைச் சத்தம் வந்தது. நான் கடைசியாகப் போனது, ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழும் ஒரு வீட்டுக்கு. அங்கே ஓர் அறையில் குடியிருந்த கொனாடு என்பவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடித்த பிறகே வந்த காரியம் கேட்டாள். அவள் இருக்கும் அறை கணவன் அம்போன்சாவின் குடும்பச் சொத்து. லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனவன் அங்கே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான் என்று தெருவில் ஒரு பேச்சு. அது உறுதியானால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். சொல்ல வேண்டிய நாத்தனார் போகுவா எதிரிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வீட்ல யாரு இடிக்கிறது?" என்று கேட்டேன்.

"என் புருஷன்தான். அவரு இடிப்பாரு, நான் புரட்டிக் குடுப்பேன்," என்றாள் கொனாடு. "இருட்டினப்புறம் வர்றாரு, விடியறதுக்குள்ள வண்டி எடுத்துடறாரு."

"என் தம்பி காத்தாட்டம் வந்துட்டுப் போறான் போல," என்றாள் போகுவா. "உலக்கைச் சத்தம்கூட எனக்குக் கேக்கறதில்ல."

"நீங்க அப்ப சர்ச்சுல இருப்பீங்க, அக்கா."

போகுவா சிரிக்கவில்லை. என் பேனாவும் நின்றுவிட்டது. நின்று இடிக்க ஒருவர், இடிக்கு இடி உரலுக்குள் கைவிட்டு உட்கார்ந்து புரட்ட ஒருவர் வேண்டும். தனியாள் என்ன செய்வாள்? பாக்கெட் வாங்குவாள். ருசி போதவில்லை என்று யாரும் மாவை ஒளிக்கவில்லை. கூட ஒரு ஆள் இல்லை என்பது தெரிந்துவிடுமே என்று ஒளிக்கிறார்கள். கம்பெனி கொடுத்த படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கம்பெனிக்கு உண்மை வேண்டும், இவளுக்கு அறை வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது என் நிலைமை.

போகுவா எழுந்து தன் அடுப்படிக்குப் போனாள். அவித்த மரவள்ளியை ஒரு சட்டி நிறைய எடுத்து வந்து கொனாடுவின் வாசலில் கிடந்த உரலில் கொட்டினாள்.

"உரலு காஞ்சு கெடக்கு," என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்த வீட்ல இடிக்கிறாங்கன்னு எழுதிக்கம்மா."

உரலருகே உட்கார்ந்து கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள்.

"உலக்கைய எடு. என் கையப் பாத்து இடி."

கொனாடு உலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். உரலுக்குள் போகுவாவின் கை, விரல்களை விரித்தபடி, விலகாமல் காத்திருந்தது.