எஃப்.சி.க்காக இறங்கிய வண்டி

அனுசியா அந்த வண்டியில் ஏற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் தேவைப்படும். கணவன் பாண்டிதுரை அதை எடுத்துப் போடுவான். அவள் ஒரு கையால் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்கிறதே என்ற கூச்சத்தோடு ஏறி உட்காருவாள். ஆனால் அன்று காலை, ராஜபாளையத்தில் சங்கிலிப்பாண்டியின் பட்டறை வாசலில், ஸ்டூல் இல்லாமலே கால் எட்டியது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது, பழைய செருப்பை மறுபடி போட்டுக்கொண்டது போல இருந்தது அவளுக்கு.

“அண்ணாச்சி, இரும்புக் கட்டை எல்லாம் உருவிட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்து முடிச்சதும் நேரா இங்க வாங்க. சாயங்காலத்துக்குள்ள பழையபடி தூக்கி நிறுத்திருவோம்” என்றான் சங்கிலிப்பாண்டி.

“இந்த டயரு தாங்குமாலே?” என்றான் பாண்டிதுரை.

“என்ன இப்படிக் கேட்டுட்டீக? இந்த நாலு டயரும் உங்களைவிட நெறைய தடவ ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கு. ஸ்டியரிங்க விட்டாலும் அதுவே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிரும்.”

அந்த டயர்களுக்குப் பட்டறையில் ‘எஃப்.சி. செட்டு’ என்று பெயர். எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் தரும் சான்று. வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டியவர்கள், சோதனைக்குப் போகும் நாளில் மட்டும் கம்பெனி அளவு டயரை வாடகைக்கு மாட்டிக்கொள்வார்கள். காலையில் வண்டி இறங்கும், மாலையில் ஏறும். யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை. கல்யாண வீட்டுக்கு இரவல் நகை போட்டுப் போவது போல, அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

மலையடிவாரத்து மாந்தோப்புக்குப் போய்வர, நான்கு சக்கரமும் இழுக்கிற அந்த ஜீப்பை வாங்கியது அனுசியாவின் சீர்ப் பணத்தில். அதனால் ஆர்.சி. அவள் பெயரில் இருந்தது. பதினைந்து வருடம் நன்றாகத்தான் ஓடியது. பாண்டிதுரையின் பெரியப்பா மகன் பட்டாளத்திலிருந்து திரும்பி, உயரமான புதுக் கார் வாங்கி, கோயில் பொங்கலன்று கொண்டுவந்து நிறுத்தினான். அதன் பக்கத்தில் தன் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி நிற்பதாகப் பாண்டிதுரைக்குப் பட்டது. அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த பொங்கலுக்குள் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில், வண்டியை உயர்த்தும் அந்த இரும்புக் கட்டைகள் ஏறின. பெரிய டயர்கள் வந்தன. கூட்டம் அவன் வண்டியைச் சுற்றி நின்றது.

அனுசியாவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அந்த உயரத்திலிருந்து அடுத்தவர் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு உள்ளே பார்க்கலாம். நாத்தனார் அண்ணாந்து பேசுவாள். இந்தச் சின்னச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, பின்னால் பயம் வந்தபோது அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

போன மாதம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் யோகேஸ்வரி, “அம்மா, தோப்பு வளைவுல வண்டி ஒரு பக்கமாத் தூக்கிப் பறந்துச்சு! செம ஜாலி!” என்றாள். அவளோடு தெருப் பிள்ளைகள் மூன்று பேரும் தினமும் பாண்டிதுரை ஓட்டும் அந்த வண்டியில்தான் வருவார்கள். அனுசியா கணவனிடம் கேட்டாள். “அது சும்மா கதை விடுது” என்று அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். அதற்குப் பிறகு, மாலையில் வண்டிச் சத்தம் வாசலுக்கு வரும்வரை அவள் கை எந்த வேலையிலும் ஒட்டாது. நான்தான் வேண்டாததை எல்லாம் நினைத்துக்கொள்கிறேனோ என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். மாலையில் அந்தப் பெரிய டயர்கள் மறுபடி ஏறக் கூடாது. ராஜபாளையத்தைத் தாண்டும்போது நினைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்வரை சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார், விளக்கைப் போடச் சொன்னார், குனிந்து அடியில் பார்த்தார். ஆர்.சி.யில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு அனுசியாவைப் பார்த்து, “பழைய வண்டியா இருந்தாலும் ஒழுங்கா வச்சிருக்கீங்கம்மா. இப்பல்லாம் எவன் இப்படி வைக்கிறான்?” என்றார்.

அந்தப் பாராட்டு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பொய் சொன்னது டயர். கையெழுத்து மட்டும் தன்னுடையதாக இருந்தது.

பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாண்டிதுரை சலித்துக்கொண்டே ஓட்டினான். “தரையில உக்காந்து போற மாதிரி இருக்கு. லாரிக்காரன் எல்லாம் தலைக்கு மேல போறான்.”

அனுசியா மூச்சை இழுத்துக்கொண்டாள். “இப்படியே விட்டுட்டா என்னங்க?”

“என்னத்த?”

“வண்டிய. இந்த மாதிரியே இருந்துட்டுப் போகட்டுமே.”

“ஏட்டி, ஊருக்குள்ள சிரிப்பாச் சிரிப்பாங்க.”

“நம்ம டயரப் பாக்கிறதுதான் ஊருக்கு வேலையா?”

“எங்க பெரியப்பா மகனுக்கு வேற வேலையே கிடையாது.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “சரி, செத்த மெதுவாவது போங்க.”

“அறுபதுதான். எப்பவும் போற அறுபது. பெரிய டயர்ல முள்ளு அறுபதுல நிக்கும், வண்டி எழுபதுல போவும். இன்னைக்குத்தான் முள்ளு நெசத்தச் சொல்லுது.” தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தான்.

சிரிப்பு முடியவில்லை. இடப்பக்க வயல் பாதையிலிருந்து, புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டில் ஏறியது. எதிரே பஸ். பாண்டிதுரை பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தான். டயர் கிறீச்சிட்டது. அனுசியாவின் தோள் கதவில் மோதியது. வண்டி குலுங்கி, வளைந்து, ரோட்டோர மண்ணில் இறங்கி நின்றது. நான்கு சக்கரங்களும் தரையிலேயே இருந்தன. பம்பருக்கும் மொபெட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வந்த பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏலே, கண்ண வீட்டுல கழத்தி வச்சிட்டு வந்தியா?” என்றவள், அதே மூச்சில் மொபெட்டை ஓட்டிய புருஷனிடம் திரும்பினாள். “இந்த மனுசன் மட்டும் என்ன யோக்கியம்! ரோட்டப் பாரும், ரோட்டப் பாரும்னு காட்டுக் கத்தா கத்துறேன்!”

“பாத்தேன் வெள்ளத்தாயி.”

“எத? ஆகாசத்தையா?”

அனுசியா இறங்கி ஓடினாள். “அடி எதுவும் படலையேக்கா?”

“புல்லுக்கட்டுதான் விழுந்துச்சு தாயி. நாங்க விழல” என்றாள் வெள்ளத்தாய். அனுசியா தண்ணீர் கொடுத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பால்கோவாப் பொட்டலத்தையும் நீட்டினாள்.

“சாவக் காட்டிப்புட்டு இனிப்பு குடுக்கீக!” என்று வெள்ளத்தாய் சொல்ல, எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டிதுரை புல்லுக்கட்டைத் தூக்கிக் கட்டிக் கொடுத்தான். கட்டிய முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது.

அவர்கள் போன பிறகும் அவன் வண்டியில் ஏறவில்லை. உயரமாக இருக்கும்போது இதே இடத்தில் இதே போல ஒடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வண்டி நின்றிருக்காது. நின்றாலும் நிமிர்ந்து நின்றிருக்காது; பஸ்ஸுக்கு முன்னால் சாய்ந்திருக்கும்.

“பிள்ள சொன்னது நெசந்தான்” என்றான் தரையைப் பார்த்தபடி. “அன்னைக்கு வளைவுல ரெண்டு சக்கரம் தூக்கிருச்சு. உள்ள நாலு பச்சப்புள்ளைக. உங்கிட்ட மறைச்சிட்டேன்.”

அனுசியாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்தது போல இருந்தது. பயந்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றாக மூச்சு விட்டாள்.

“ஆபீசர ஏமாத்தணும்னு ஒரே ஒரு நாள் ஒழுங்கா இருந்தோம். அந்த ஒரு நாள்தாங்க நம்மளையும் அவங்களையும் காப்பாத்துச்சு. சட்டத்த அந்த இன்ஸ்பெக்டருக்காகவா போட்டு வச்சிருக்காங்க? அவர் பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவாரு. ரோட்டுல வர்ற வெள்ளத்தாய்க்கும், பின்சீட்டுல உக்காந்திருக்கிற நம்ம பிள்ளைக்கும் போட்டது அது.”

பாண்டிதுரை போனை எடுத்துச் சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டான். “ஏலே, வண்டி இனி ஏற வேண்டாம். எங்களுக்கே இதே அளவுல புதுசா நாலு டயர் சொல்லி வை.”

மறுமுனையில் சங்கிலிப்பாண்டி விடவில்லை. “என்ன அண்ணாச்சி திடீர்னு? சரி, அப்ப அந்தப் பெரிய டயரு? தளவாய்புரத்துல ஒருத்தரு ஆசையாக் கேட்டுக்கிட்டே இருக்காரு. பேசி முடிச்சிரட்டுமா?”

பாண்டிதுரை மனைவியைப் பார்த்தான். அவள் வண்டியின் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுக்காதலே” என்றான். “என் பிள்ளைக்கு ஆகாதது அவர் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?”