சேம்பிலையில் ஒரு பசுந்தவளை

கடலினின்று எழுந்த கார்முகில் கனசாவா நகரின் கரிய ஓட்டுக்கூரைகளின்மேல் இரவெல்லாம் பொழிந்து ஓய்ந்து, விடியற்பொழுதில் மலைமுகடுகளை நோக்கி மெல்லப் பின்வாங்க, நனைந்த மதில்களின் பாசி பசும்பட்டென ஒளிர, நீலக்கொத்துப் பூக்கள் நீர்ச்சுமை தாங்காது தலைகவிழ்ந்து நின்ற அவ்வேளையில், தன் இல்லத்தின் பின்புறத்தே, தோட்டத்தை ஒட்டிய திண்ணையில், கண்களைத் தேநீர்க்கலத்தில் நிறுத்தியவளாய்ச் சிசுரு என்பாள் வாளா அமர்ந்திருந்தாள்.

அத்தோட்டத்துச் சிற்றுயிர்களை வரைவதே பன்னெடுங்காலம் அவள் வாழ்வாயிருந்தது. தும்பியின் சிறகு நரம்பையும் நத்தையோட்டின் சுழியையும் உயிர்துடிப்பத் தீட்டிய அவளது வலக்கையை, சென்ற பனிக்காலத்து வந்த நோய் உலர்ந்த கொடிபோல் முடக்கிற்று. அன்றுதொட்டுத் தூரிகைகளைப் பெட்டியுள் மூடியவள், தோட்டத்தையும் ஏறெடுத்துப் பாராளாயினள். அதனைக் காணுந்தோறும் அவள் நெஞ்சு நோகுமென்று அஞ்சிய கணவன் எய்சகு, செடிகொடிகளை வழித்துவிட்டுச் சரளைக்கல் பரப்பத் துணிந்தான், அவளும் தலையசைத்தாள். அக்காலையில் அரிவாளோடு இறங்கியவன், திண்ணையோரத்துச் சேம்பிலையொன்றைப் பற்றக் குனிந்தான். அவ்விலைமேல், நகத்தளவே ஆன பசுந்தவளையொன்று, நீர்த்துளிகளிடையே தானும் ஒரு துளியென, தொண்டை துடிக்க அமர்ந்திருந்ததை, இலையின் சலசலப்புக்குத் தன்னையறியாது நிமிர்ந்த அவள் கண்டாள்.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. அந்த இலைய ஆட்டாதீங்க."

"என்னாச்சு? நேத்து சரின்னு தலையாட்டினியே."

"இப்ப வேணாங்கறேன். என் பெட்டிய எடுத்துட்டு வாங்க. தொம்தொம்முனு நடக்காதீங்க, பயந்துக்கும்."

பூனைபோல் அடிவைத்துச் சென்று மீண்டவன், மைகுழைத்துத் தாளைப் பிடித்தான். பழகாத இடக்கையில் அவள் தூரிகையைப் பற்றினாள். கோடு, வழிதப்பிய எறும்பென அலைந்தது. அவள் முகம் வாடுவது கண்டு எய்சகு எட்டிப் பார்த்தான்.

"தவளையா இது? நான் கிழங்குன்னுல்ல நெனச்சேன்."

"நீங்க தாள ஆட்டினா கிழங்காத்தான் வரும். அழுத்திப் பிடிங்க."

மற்றொரு தாளில், கை மறந்ததைக் கண் நினைவூட்ட, முதுகின் வளைவு பிறந்தது; விழியில் ஒளிப்பொட்டு விழுந்தது. பின்னங்கால்களை வரையுமுன் தவளை துள்ளிப் புதருள் மறைந்தது.

"போயிடுச்சே. கால் இல்லாம நிக்குதே, பாவம்," என்றான் எய்சகு.

"நாளைக்கு வரும். அப்ப போட்டுக்கலாம்."

நோயுற்ற நாள்முதலாய் நாளை என்னும் சொல்லை அவள் வாயினின்று கேட்டிராத எய்சகு, மைபடிந்த அவ்விடக்கையைத் தன் கைகளுள் ஏந்தி நெடிது அமர்ந்திருந்தான். இழந்தவை யாவும் மீள்வதில்லை, அன்பரே; ஆயினும் காண்பதற்கு ஒன்று எஞ்சியிருக்குங்காறும், இன்னுமொரு பகலை விரும்புதலினின்று நெஞ்சம் ஒழிவதில்லை.