கோட்டை தொட்டவர்கள்

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை காரைக்குடியில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் போட்டியில், பெண்கள் பிரிவில் வேறெவரையும்விட வேகமாக ஓடிய அழகி என்பவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அறிவிப்புப் பலகையில் இருந்ததை இருந்தபடியே படித்தார் என்பதே அவர் செய்த குற்றம். என் குறை இவ்வளவுதான். மீதமுள்ளவை விளக்கம்.

நான் முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அகவை அறுபத்தெட்டு. சர்க்கரை கூடியிருப்பதால் நாள்தோறும் காலையில் நடக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நடந்து பார்த்தேன். நடப்பவர்கள் அரசியல் பேசினார்கள். அதையும் எழுவாய்க்கும் பயனிலைக்கும் உறவே இல்லாமல் பேசினார்கள். ஓடுபவர்களோ மூச்சு வாங்குவதால் பேசுவதில்லை. ஆகவே ஓடுபவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

அவர்கள் எனக்கு ஒரு பனியன் கொடுத்தார்கள். அதன் முதுகில் ‘காரைக்குடி ஓட்ட பந்தய கழகம்’ என்று அச்சிட்டிருந்தது. விடுபட்ட ப், க் என்னும் இரண்டு ஒற்றுகளையும், அழியாத மை என்று கடைக்காரர் உறுதி கூறி விற்ற மையால் நானே எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் வியர்வையில் இரண்டும் கரைந்துபோயின. பிழை மட்டும் இன்றுவரை அழியவில்லை.

அந்தக் கழகத்தில்தான் அழகியை மறுபடியும் கண்டேன். பத்தாம் வகுப்பில் என் மாணவி. இப்போது வயது முப்பத்து நான்கு. பேருந்து நிலையத்துக்கு எதிரில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடைச் சுவரில், உடைந்த கைப்பேசிகளுக்கு மேலே, மூன்று சான்றிதழ்கள் தொங்குகின்றன. மூன்றும் இந்தப் போட்டியில் வாங்கியவை. மூன்றும் இரண்டாமிடம். மூன்று ஆண்டுகளும் முதலிடம் திருப்பத்தூர்க் கழகத்தைச் சேர்ந்த ராஜப்ரியாவுக்கே போயிற்று. நான்காவதாக ஓர் ஆணி வெறுமையாக இருந்தது.

“ஆணியை அடிச்சு வச்சுட்டேன் ஐயா. இந்த வருசம் மாட்டிருவேன்” என்றார் அழகி.

மாட்டவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. பெண்கள் பிரிவில் முதலிடம் பெறும் ஒருவரை மட்டும், சனவரியில் சென்னையில் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்குப் போட்டிக் குழு தன் சார்பில் அனுப்பும். இரண்டாமிடத்தை எவரும் எங்கும் அனுப்புவதில்லை. இந்த ஆண்டு அழகி பயிற்சி நேரத்தில் ராஜப்ரியாவின் சென்ற ஆண்டு நேரத்தைவிட இரண்டு நிமிடம் குறைவாக ஓடிக்கொண்டிருந்தார். இது கழகம் முழுவதற்கும் தெரியும்.

இனி, ஓட்டப் பாதை. தேவகோட்டைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் சென்று திரும்பவேண்டும். ஐந்தாவது கிலோமீட்டரில் சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அக்கோட்டிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி ஒரு திருமண மண்டபம் உண்டு. கொத்தளமும் பீரங்கித் துளைகளும் வைத்துச் சிமெண்டில் கட்டியது. அதன் பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருப்பினும் ஊரார் அதனைக் கோட்டை என்றே சொல்வார்கள். ‘கோட்டையில கல்யாணம்’ என்று அழைத்தால் எவரும் வழி கேட்கமாட்டார்கள்.

ஓட்டம் தொடங்கும் இடத்தில், ஆள் உயரப் பலகை ஒன்றில் இவ்வாறு எழுதியிருந்தது:

‘கோட்டை தொட்டு திரும்பவும்.’

அழகி அதன்முன் நின்று கால்களை உதறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்.

“ஐயா, இதுல எதைத் தொடச் சொல்றாக? கோடா, கோட்டையா?”

“படித்துப் பாருங்கள்.”

“போன வருசம் கோடுதானே போட்டிருந்தாக.”

“போன ஆண்டு நடந்தது வரலாறு. இது இலக்கணம்.” அவருக்கு விளக்கினேன். கோடு என்பது ஐ உருபு ஏற்றால் ‘கோட்டை’ ஆகும். அந்த ஐ வெளிப்பட வந்தால் அடுத்து வரும் வல்லினம் மிகும். ‘கோட்டைத் தொட்டு’ என்றுதான் எழுதவேண்டும். இங்கே த் இல்லை. ஆகவே இது கோடு அன்று. மதில் சூழ்ந்த கோட்டை. உருபு மறைந்து வந்திருக்கிறது. அதனால் வல்லினம் மிகவில்லை.

“அப்ப மண்டபம் வரைக்கும் போகணுமா?”

“ஐயமில்லை.”

“தேவகோட்டை வரைக்கும் போகச் சொல்லாம விட்டாகளே, அது போதும்” என்று சிரித்தார். பிறகு, “சரிங்கய்யா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார்.

குழுவினரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று பின்னர்ப் பலர் என்னிடம் சொன்னார்கள். படிக்கத் தெரிந்தவன் எதற்காகக் கேட்கவேண்டும் என்று அன்று நினைத்தேன். அவ்வாறு நினைத்ததை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

ஓட்டம் தொடங்கிற்று. பெண்களை முதலிலும் ஆண்களைப் பத்து நிமிடம் கழித்தும் விட்டார்கள். ஐந்தாவது கிலோமீட்டரை அழகி தனியாக எட்டினார். முன்னால் எவரும் இல்லை. ராஜப்ரியா இருநூறு மீட்டர் பின்னால் வந்துகொண்டிருந்தார். கோட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் மலையாண்டி என்னும் தொண்டர் அமர்ந்து, திரும்புபவர்களின் எண்களைக் குறிக்கக் காத்திருந்தார். பின்னர் அவரே என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“யக்கா! யக்கா! கோடு இங்குட்டு இருக்கு! அங்குட்டு எங்க போறீக?”

“போர்டுல கோட்டைன்னு போட்டிருக்குடா!”

“போர்டை யாருக்கா படிச்சா?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நிற்காமல் அழகி ஓடிவிட்டார். மண்டபத்தின் இரும்புக் கதவைத் தொட்டுத் திரும்பினார். நான் மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தபோது அவர் எதிரே வந்தார். அவருக்கு முன் ராஜப்ரியா போயிருந்தார். ஆயினும் அழகியின் முகத்தில் கவலை இல்லை. கோட்டை தொடாதவர் எத்தனை வேகமாக ஓடினாலும் கணக்கில் வரமாட்டார் என்பது அவர் எண்ணம்.

“தொட்டுட்டேன் ஐயா!” என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். உள்ளங்கையில் கதவின் துரு படிந்திருந்தது.

வெகுநேரம் கழித்து நான் கோட்டை அடைந்தபோது, அதாவது சுண்ணாம்புக் கோட்டை அடைந்தபோது, மலையாண்டி எழுந்தே நின்றுவிட்டார். “வாத்தியாரய்யா, நீங்களுமா? இன்னைக்கு அங்க கல்யாணமே இல்லீங்களே!” நான் நிற்கவில்லை. மண்டபக் காவலர் பெத்தன் கதவைப் பாதி திறந்து, “பொண்ணு வீடா, மாப்ள வீடா?” என்று கேட்டார். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அன்று அக்கதவைத் தொட்டவர்கள் இருவர்.

நான் முடித்தபோது பரிசுப் பந்தலில் பாதி நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். பலகையில் முடிவுகள் ஒட்டியிருந்தன. ராஜப்ரியா முதலிடம். அழகி எண்ணூறு மீட்டர் கூடுதலாக ஓடியும் அவரைவிட எண்பது நொடிகள் மட்டுமே பின்னால் வந்திருந்தார். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும், அவர் கோட்டில் திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் பெயருக்கு எதிரே இரண்டாமிடமும் இல்லை. ‘தகுதி நீக்கம், பாதை விலகல்’ என்றிருந்தது. என் பெயருக்கு எதிரேயும் அதுவே. என்னைப் பற்றி எவரும் கவலைப்படவேண்டா. அறுபது வயதுக்கு மேற்பட்ட பிரிவில் என்னைத் தவிர வேறொருவரும் ஓடவில்லை.

போட்டிக் குழுவின் செயலாளர் குமரப்பன், தம் முன்னோரின் வீட்டை வெளிநாட்டார் தங்கும் விடுதியாக நடத்துபவர். அவரும் என் மாணவர். நேரே அவரிடம் சென்றேன். அழகியும் உடன் வந்தார்.

“ஐயா, இருநூத்திப் பதினாலு பேரு ஓடுனாக. இருநூத்திப் பன்னெண்டு பேரு கோட்டுல திரும்பிட்டாக. ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் என்ன?”

“இருநூற்றுப் பன்னிருவரும் பலகையைப் பிழையாகப் படித்தார்கள்.”

“ஒருத்தரும் படிக்கவே இல்லீங்கய்யா. முன்னாடி போறவக முதுகைப் பாத்துக்கிட்டே போய்த் திரும்பி வந்தாக.”

“அழகிக்கு முன்னால் எவருடைய முதுகும் இல்லை. அதுதான் அவர் செய்த பிழையா?”

குமரப்பன் சற்று நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, வகுப்பில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார், சிந்தித்தார்.

“ஐயா, ஒரு சந்தேகம். ‘தொட்டுத் திரும்பவும்’னா அங்கயும் ஒரு த் வரணும்ல? நீங்கதான் சொல்லிக் குடுத்தீக.”

“வரவேண்டும்.”

“போர்டுல அங்கயும் இல்லையே. அந்த த்-ஐ முழுங்குனவன் இந்த த்-ஐயும் முழுங்கியிருப்பான்னு ஒங்களுக்குத் தோணலையா?”

இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அன்று என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது பிழையை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், முகம் சுளித்தேன், ஆனால் முதலாவதையும் பிழை என்று கொள்ள என் மனம் இடம் தரவில்லை. பொருள் சரியாக அமைந்துவிட்ட ஒரு தொடரை யார் சந்தேகிப்பார்?

“இன்னொண்ணும் இருக்குங்கய்யா” என்று குமரப்பன் ஒரு கோப்பைத் திறந்தார். “ஒங்களைக் கொற சொல்றேன்னு நெனைக்கக் கூடாது. அறிவிப்பை எழுதுனதும் பிழை பாத்துக் குடுங்கன்னு மொதல்ல ஒங்களுக்குத்தான் அனுப்புனோம்.”

உள்ளே இரண்டு தாள்கள். முதலாவது, என்னிடம் உதவி வேண்டி ஆகத்து மாதத்தில் குழு எழுதிய மடல். அதில் என் சிவப்பு மையால் பதினொரு வட்டங்கள். அடியில் என் கையெழுத்து: ‘மடல் எழுதக் கற்றபின் அணுகுக.’ இரண்டாவது தாளில் அறிவிப்பு இருந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளியும் இல்லை. நான் அத்தாளைப் புரட்டவே இல்லை. மடலைத் திருத்தினேன், சினம் கொண்டேன், இரண்டையும் சேர்த்து உறையிலிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அழகி அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். சினப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சினந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“பத்தாப்புல ஒரு ஒத்துக்கு அரை மார்க்கு கொறச்சீக ஐயா. அந்த அரை மார்க்குல வகுப்புல மொத எடம் போச்சு. இன்னைக்கும் ஒரு ஒத்துலதான் போச்சு. ஒங்க ஒத்துக்கும் எனக்கும் என்னமோ பகை இருக்கு.”

குமரப்பன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

“விடுங்கய்யா” என்றார் அழகி. “அந்த ஆணியில காலண்டரை மாட்டிக்கிறேன்.”

மறுநாள் குழுவுக்கு மூன்று பக்க முறையீடு ஒன்று எழுதினேன். பலகையை எழுதியவர் பிழை செய்தார். திருத்தவேண்டிய நான் திருத்தவில்லை. எழுதியதை நம்பிய ஒருவர் மட்டும் தண்டிக்கப்பட்டார் என்பது அதன் சாரம். ‘நான் திருத்தவில்லை’ என்னும் தொடரை எழுதுவதற்கு முறையீட்டின் மீதி முழுவதற்கும் ஆன நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

ஒரு வாரத்தில் விடை வந்தது. அந்தப் பலகையைப் படித்துக் ‘கோட்டை’ என்று பொருள் கொள்வது இயல்பே என ஐம்பது பேராவது எழுத்தில் தந்தால், அழகியின் நேரத்தைத் தூரத்துக்கு ஏற்பக் கணக்கிட்டு முடிவை மறு ஆய்வு செய்வார்களாம். கடைசி நாள் அக்டோபர் 5. அம்மடலில் நான்கு பிழைகள் இருந்தன. சிவப்பு மையை நான் எடுக்கவில்லை. தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் படித்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

நான் கேட்டுக்கொண்டதில் இதுவரை ஒன்பது அஞ்சலட்டைகள் வந்திருக்கின்றன. மண்டபக் காவலர் பெத்தன் ஒன்று எழுதினார். என் மனைவி நீலாயதாட்சி, நெடிய வாக்குவாதத்துக்குப் பின், ஒன்று எழுதினாள். எஞ்சிய ஏழில் மூன்று, ‘கோடு என்றுதான் எங்களுக்குப் புரிந்தது, ஐயா மன்னிக்கவும்’ என்கின்றன. ராஜப்ரியாவும் ஓர் அட்டை அனுப்பியிருக்கிறார். தாம் பலகையைப் படிக்கவில்லை என்றும், படித்திருந்தால் தாமும் மண்டபத்துக்கே போயிருக்கக்கூடும் என்றும் எழுதியிருக்கிறார். அதில் இரண்டு ஒற்றுகள் விடுபட்டிருந்தன. நான் படித்த மடல்களுள் அதைவிடச் செம்மையான ஒன்றை நினைவுகூர இயலவில்லை.

ஆணியில் இன்னும் நாட்காட்டி ஏறவில்லை. நேற்றுக்கூடக் கடைக்குச் சென்று பார்த்தேன்.

ஆகவே, இதனை இதுவரை படித்த உங்களிடம் கேட்கிறேன். ‘கோட்டை தொட்டு’ என்பதை இப்போது வாய்விட்டுப் படியுங்கள். எதைத் தொடுவீர்கள்? கோட்டையை என்றால், அந்த ஒரு வரியை அஞ்சலட்டையில் எழுதிக் கையொப்பமிட்டு, காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள அழகியின் கடைக்கு அனுப்புங்கள். ஒற்று விடுபட்டாலும் நான் வட்டமிடமாட்டேன். இன்றே எழுதுங்கள்.