பன்னிரண்டு சமம் பன்னிரண்டு

சங்கரன்கோவிலில் கணக்குப் பரீட்சை எழுத வள்ளித்தாய் பெஞ்சில் உட்காருவது இது நான்காவது தடவை. சுற்றிலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள். அவளுக்கு முப்பது. காலையில் ஆபீசுக்குப் பதினோரு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றிவிட்டு வந்திருந்தாள். தோள்பட்டை விட்டுப்போயிருந்தது.

புருஷன் பரமசிவன் அந்த அரசாங்க ஆபீசில்தான் கிளார்க்காக இருந்தான். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால் வாரிசு வேலையாக அவன் நாற்காலி கிடைக்கும் என்றார்கள். மற்ற பாடமெல்லாம் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டது. கணக்கு மட்டும் கழுத்தை அறுத்தது. இந்த டிசம்பரோடு மூன்று வருடக் கெடு முடிகிறது. அதற்குள் சர்டிபிகேட் வராவிட்டால் காலம் பூராவும் குடம்தான்.

ஐந்து மார்க் கேள்வி ஒன்று வந்தது. x + y = 12, 2x − y = 9. பிரதியிடல் முறையில் தீர்க்க வேண்டும். முதல் சமன்பாட்டிலிருந்து y = 12 − x என்று எடுத்தாள். அதை அந்த முதல் சமன்பாட்டிலேயே போட்டாள். x-உம் போய், y-உம் போய், 12 = 12 என்று நின்றது.

விடையைச் சரிபார்க்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் பள்ளிக்கூடத்து வாத்தியார் ‘சரி’ போடுவார். அந்த நம்பிக்கையில், முந்தைய மூன்று பரீட்சையிலும் இந்த மாதிரிக் கணக்குக்கு இப்படியே விடை என்று கட்டம் கட்டிவிட்டு வந்தவள் அவள். இன்றைக்கும் ஸ்கேலை எடுத்தாள்.

ஏனோ ஹெட் கிளார்க் குருநாதன் ஞாபகம் வந்தது. கெடுவை நீட்டச் சொல்லி அவளுக்காக மனு எழுதி மேலே அனுப்பியவர் அவர்தான். ஒரு மாதம் கழித்து, ‘ஹெட் கிளார்க் ஆவன செய்யவும்’ என்ற குறிப்போடு அது அவர் மேசைக்கே வந்தது.

“நான் அனுப்புனது எனக்கே வந்துருக்கு, தாயி. நான் என்னத்தச் செய்ய?” என்றார்.

வள்ளித்தாய் ஸ்கேலைக் கீழே வைத்தாள். எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட்டால் போட்டதுதானே வரும்? இரண்டாவது சமன்பாடு தொடுவாரில்லாமல் கிடந்தது. அதில் போட்டாள். 2x − (12 − x) = 9. 3x = 21. x ஏழு, y ஐந்து.

சந்தோஷம் வரவில்லை. மூன்று வருடமாக ஒரு வரி கீழே பார்க்காமல் போனோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அழக்கூடத் தெம்பில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள்.

டிசம்பரில் மார்க் வந்தது. கணக்கில் முப்பத்தேழு. அந்த ஐந்து இல்லாவிட்டால் முப்பத்திரண்டு, மறுபடியும் பெயில். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, சர்டிபிகேட்டைக் குருநாதன் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார்.

“அப்ப இனிமே தண்ணி யாரு எடுக்கது?” என்றார்.

“குடம் அங்கனதான் இருக்கு, அண்ணாச்சி” என்றாள் வள்ளித்தாய்.